வயிற்றில் பிறந்து வெளியே குடியேறிய உறுப்பு: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் விந்தகத்தைப் பற்றியவை பெரும்பாலும் கையொப்பம் இல்லாமலே வருகின்றன. நெஞ்சு வலியைப் பற்றி இரண்டு பக்கம் விரிவாக எழுதுகிறவர்கள்கூட இந்த உறுப்பைப் பற்றி மூன்று வரிகளில் சுற்றி வளைத்துக் கேட்டு முடித்துவிடுகிறார்கள். ஆகவே இந்த முறை எவருடைய அடையாளமும் வெளிப்படாமல், ஒரே பொருளைச் சார்ந்த கேள்விகளைத் திரட்டி விடையளிக்கிறேன். விதை, விரை, விந்தகம் என்று வாசகர்கள் மூன்று பெயர்களில் எழுதியிருக்கிறார்கள்; மூன்றும் ஒரே உறுப்புதான். அந்த உறுப்பை விந்தகம் என்றும், அதைத் தாங்கும் தோல் பையை விதைப்பை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: மூளைக்கு மண்டையோடும் இதயத்துக்கு விலா எலும்புகளும் காவலாக இருக்கின்றன. இனம் பெருகுவதற்கே அடிப்படையான விந்தகம் மட்டும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உடலுக்கு வெளியே ஏன் தொங்குகிறது?

பதில்: அது வெளியே பிறந்த உறுப்பு அன்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கருவின் ஏழாவது வார அளவில், வயிற்றின் பின்சுவரில், சிறுநீரகங்கள் உருவாகும் இடத்துக்கு அருகிலேதான் விந்தகம் உருவாகத் தொடங்குகிறது. அதுவரை அந்தத் திசுத்திரள் விந்தகமாகவும் மாறலாம், சூலகமாகவும் மாறலாம் என்ற நிலையில் இருக்கும். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்னும் மரபணு இயங்கினால் அது விந்தகமாகிறது. 1990ஆம் ஆண்டில்தான் இந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. பிறகு கரு வளர வளர விந்தகம் கீழிறங்கி, ஏழாவது மாதத்தை ஒட்டி அடிவயிற்றுக்கும் தொடைக்கும் இடையேயுள்ள கவட்டைக் கால்வாயைக் கடந்து, பிறப்பதற்குள் விதைப்பையை அடைகிறது. தனக்குரிய தமனி, சிரை, நரம்பு, நிணநீர்க்குழாய் அனைத்தையும் பிறந்த இடத்திலிருந்தே இழுத்துக்கொண்டு அது வருகிறது. இந்தப் பயணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

இத்தனை தொலைவு இறங்கி வருவதன் பயன் குளிர்ச்சி. மனிதனிடத்தில் விந்தணு உற்பத்தி சீராக நடைபெற, உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பநிலை தேவைப்படுகிறது. விதைப்பையின் தோலுக்கு அடியில் கொழுப்புப் படலம் இல்லை. வியர்வைச் சுரப்பிகளோ ஏராளம். குளிர் தாக்கினால் தோலடித் தசை சுருங்கிப் பையைச் சுருக்குகிறது, தூக்குத்தசை விந்தகத்தை உடலை ஒட்டி மேலே இழுக்கிறது. வெப்பம் கூடினால் இரண்டும் தளர்ந்து விந்தகம் கீழே இறங்குகிறது. இவற்றைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்று இரத்தக் குழாய்களில் உள்ளது. விந்தகத்துக்கு வரும் தமனியைச் சுற்றிச் சிரைகள் கொடிப்பின்னலாகப் படர்ந்திருப்பதால், குளிர்ந்து மேலேறும் சிரை இரத்தம், சூடாகக் கீழிறங்கும் தமனி இரத்தத்தின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொண்டு விடுகிறது.

ஆனால் யானைக்கும் பறவைகளுக்கும் விந்தகம் வாழ்நாள் முழுவதும் உடலுக்குள்ளேயே இருக்கிறது, அவற்றின் இனப்பெருக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே குளிர்ச்சி மனிதனுக்குத் தேவை என்பது உறுதியே தவிர, பரிணாமம் சில விலங்குகளிடம் மட்டும் இந்த ஏற்பாட்டை ஏன் உருவாக்கியது என்பதில் உயிரியலாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

கேள்வி: பாடநூலில் விந்தகத்தின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கிவிட்டேன், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது விளங்கவில்லை. படம் வரையாமல் விளக்க முடியுமா?

பதில்: முயல்கிறேன். வயது வந்த ஆணின் விந்தகம் ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. நீளமுள்ள, முட்டை வடிவ உறுப்பு. கொள்ளளவு பொதுவாக 15 முதல் 25 மி.லி. வரை. வெளிப்புறத்தில் இரட்டைப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. வயிற்றறையின் உட்சவ்விலிருந்து விந்தகத்துடன் இறங்கி வந்த பகுதி அது. அந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடையே நீர் சேர்ந்தால்தான் விதைப்பை வீங்கி, ஓதம் என்று சொல்லப்படும் நிலை உண்டாகிறது. அதற்கு உள்ளே, விந்தகத்தை இறுகப் பிடித்திருக்கும் வெண்ணிற நார் உறை இருக்கிறது. எளிதில் விரிந்து கொடுக்காத உறை இது. அடிபட்டோ வீங்கியோ உள்ளே அழுத்தம் கூடும்போது விந்தகம் அவ்வளவு கடுமையாக வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உறையிலிருந்து உள்நோக்கிச் செல்லும் தடுப்புகள் விந்தகத்தை ஏறத்தாழ 250 சிற்றறைகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் ஒன்று முதல் நான்கு வரை விந்து நுண்குழல்கள் நூற்கண்டுபோல் சுருண்டு கிடக்கின்றன. ஒரு குழலின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். நீட்டினாலோ அரை மீட்டருக்கும் மேல் வரும். ஒரு விந்தகத்தின் குழல்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சில நூறு மீட்டர் நீளும். உள்ளங்கையில் அடங்கும் உறுப்பு நாளொன்றுக்குப் பத்துக் கோடி அளவில் விந்தணுக்களை உருவாக்க முடிவது இந்த நீளத்தினால்தான்.

குழலின் சுவர் ஓரத்தில் தாய்ச் செல்கள் இருக்கின்றன. இவற்றில் 46 குரோமோசோம்கள் உண்டு. இவை முதலில் சாதாரணமாகப் பிரிந்து தம் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்கின்றன. பிரிந்தவற்றில் ஒரு பகுதி எதிர்காலத்துக்கான இருப்பாக அங்கேயே தங்கிவிட, மற்றவை குழலின் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்து, அடுத்தடுத்து இரண்டு குன்றல் பிரிவுகளுக்கு உள்ளாகி, 23 குரோமோசோம்கள் மட்டுமே கொண்ட நான்கு இளம் செல்களாகின்றன. அப்போதும் அவை உருண்டையாகத்தான் இருக்கும். வால் முளைப்பதும், தேவையற்ற சைட்டோபிளாசம் கழன்று விழுவதும், முட்டையின் உறையைத் துளைக்க உதவும் நொதிகள் நிறைந்த தொப்பி தலையின் மேல் அமைவதும் அதன் பிறகே நடக்கின்றன. வாலைச் செலுத்தும் ஆற்றலுக்காக மைட்டோகாண்டிரியாக்கள் கழுத்துக்குக் கீழே சுருளாக அடுக்கப்படுகின்றன.

இந்த வளர்ச்சி முழுவதும் செர்டோலி செல்களின் மடியில் நடைபெறுகிறது. என்ரிகோ செர்டோலி என்ற இத்தாலியர் 1865இல் விவரித்த செல்கள் இவை. உணவூட்டுவது, கழிவை விழுங்குவது, முதிர்ந்த விந்தணுவைக் குழலுக்குள் விடுவிப்பது எல்லாம் இவற்றின் பணிகள். இன்னொரு பணியை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பாடநூல்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பருவம் எய்திய பிறகே விந்தணுக்கள் தோன்றுகின்றன. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் ‘எது எனது, எது அந்நியம்’ என்று கற்று முடித்துவிடுகிறது. ஆகவே தன் உடலில் உருவான விந்தணுவையே அது பகையாகக் கருதக்கூடும். அண்டையிலுள்ள செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து ஒரு தடுப்பை எழுப்பி, வளரும் விந்தணுக்களை இரத்தத்திலிருந்து மறைத்து வைக்கின்றன. காயத்தாலோ அறுவை சிகிச்சையாலோ அந்த மறைவு குலைந்தால், சிலருக்கு விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உண்டாவதைக் காண்கிறோம்.

குழலுக்குள் விடுபடும் விந்தணு நீந்தத் தெரியாதது. குழல் திரவத்தின் ஓட்டமும் குழல் சுவரின் மெல்லிய சுருக்கங்களும் அதைத் தள்ளிக்கொண்டு போய், விந்தகத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்னும் சுருள் நாளத்தில் சேர்க்கின்றன. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள அந்த ஒற்றைக் குழாயைச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை கடக்கும்போதுதான் விந்தணு முன்னோக்கி நீந்தும் திறனைப் பெறுகிறது. அங்கிருந்து விந்து நாளம் அதை மேலே, மீண்டும் வயிற்றுப் பகுதிக்கே எடுத்துச் செல்கிறது. விந்தகம் இறங்கி வந்த அதே கால்வாய் வழியேதான் இந்தப் பயணமும் நடக்கிறது.

கேள்வி: விந்தணு எண்ணிக்கை குறைவு என்று பரிசோதனையில் வந்தது. மருத்துவர் மருந்து எதுவும் தராமல், மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லிவிட்டார். அதற்குச் சில வாரம் முன்பு எனக்குக் கடும் காய்ச்சல் இருந்தது. இந்தத் தாமதம் சரியா?

பதில்: சரியே. தாய்ச் செல் ஒன்று விந்தணுவாக உருமாறி முடிக்க ஏறத்தாழ 64 முதல் 74 நாட்கள் ஆகின்றன. சுருள் நாளத்தில் முதிரும் காலத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று மாதம். அதாவது இன்று வெளிப்படும் விந்தணு, மூன்று மாதத்துக்கு முன்பு நீங்கள் இருந்த நிலையைச் சொல்கிறது. உங்கள் காய்ச்சலின் பாதிப்புத்தான் அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சலின்போது உடலின் வெப்பம் கூடியதால் குழல்களில் வளர்ந்துகொண்டிருந்த செல்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம்; தாய்ச் செல்கள் நலமாக இருந்தால் அடுத்த சுற்றில் எண்ணிக்கை மீண்டுவிடும். அடிக்கடி நெடுநேரம் வெந்நீர்த் தொட்டியில் அமர்வது, மடியில் சூடான கணினியை மணிக்கணக்கில் வைத்திருப்பது ஆகியவற்றை இந்த மூன்று மாதமும் தவிர்த்துவிடுங்கள். புகைப்பதையும் விட்டுவிடலாம், இதற்காக மட்டும் அன்று.

அறிக்கையில் உள்ள எண்ணைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மி.லி. விந்தில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பது கீழ்வரம்பு. ஓராண்டுக்குள் தம் துணைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்தபோது, அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அந்த எண்ணுக்கும் கீழேதான் இருந்தார்கள். ஆகவே அந்த எண்ணைத் தேர்ச்சி மதிப்பெண்ணாகக் கொள்ள வேண்டாம். அதற்குக் கீழே இருப்பவர் தந்தையாக முடியாது என்றோ மேலே இருப்பவர் நிச்சயம் ஆவார் என்றோ பொருளில்லை. ஒரே ஆளிடம் வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை கணிசமாக மாறுவதும் இயல்பு.

கேள்வி: எனக்கு வயது 24. உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்ச்சிக்காக டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அது ஆண்மைக்கான ஹார்மோன்தானே, விந்தணுவும் கூடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான். விந்தணு கூடாது, பெரும்பாலும் அடியோடு குறைந்துவிடும்.

விந்தகத்துக்கு இரண்டு தொழில்கள். நுண்குழல்களுக்கு உள்ளே விந்தணு உருவாகிறது. குழல்களுக்கு இடையேயுள்ள வெளியில், ஃபிரான்ஸ் லீடிக் 1850இல் விவரித்த செல்கள் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கின்றன. இந்த இரண்டாவது தொழில் இருப்பதை முதலில் செய்து காட்டியவர் ஆர்னால்ட் பெர்த்தோல்ட். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அவர் இளம் சேவல்களின் விந்தகங்களை அகற்றினார். அவற்றுக்குக் கொண்டை வளரவில்லை, கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. ஆனால் விந்தகத்தை வயிற்றுக்குள் வேறிடத்தில் பொருத்திய சேவல்கள் வழக்கமான சேவல்களாகவே வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுந்துபோன நிலையில், விந்தகம் இரத்தத்தின் வழியாகத்தான் உடல் முழுவதையும் ஆள்கிறது என்று அவர் முடிவு செய்தார். அந்தப் பொருளைக் காளையின் விந்தகங்களிலிருந்து தனியே பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டீரோன் என்று பெயரிட 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு அதைச் செய்தது.

இப்போது உங்கள் ஊசிக்கு வருவோம். மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டுச் சுரக்கும் ஒரு ஹார்மோன், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் என்னும் இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. முன்னது லீடிக் செல்களுக்கான கட்டளை, பின்னது செர்டோலி செல்களுக்கானது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் போதிய அளவை எட்டியதும் மூளை தன் கட்டளைகளைக் குறைத்துக்கொள்கிறது. செர்டோலி செல்களும் இன்ஹிபின் என்ற ஹார்மோனை அனுப்பி எஃப்எஸ்எச்சை மட்டுப்படுத்துகின்றன. நீங்கள் வெளியிலிருந்து ஊசியைச் செலுத்தும்போது, சரக்கு மிகுதியாக இருப்பதாக மூளை எண்ணிக் கட்டளையை நிறுத்திவிடுகிறது. லீடிக் செல்கள் ஓய்கின்றன. விந்தணு உற்பத்திக்கோ இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலான டெஸ்டோஸ்டீரோன் விந்தகத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஊசி மருந்தால் அந்த அளவை அங்கே எட்ட முடியாது. விளைவு, இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் ஏராளமாக இருக்கும், தசை பெருக்கும், விந்தகம் மட்டும் சுருங்கி விந்தணு இல்லாமற்போகும். வாராந்தர டெஸ்டோஸ்டீரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்து, அதன் முடிவுகள் 1990இல் வெளிவந்தன என்று சொன்னால் உங்களுக்கு அறிவுரை கூறியவர்கள் நம்புவார்களா தெரியவில்லை. ஊசியை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்புகிறது. ஆனால் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.

கேள்வி: இடப்பக்க விந்தகம் வலப்பக்கத்தைவிடக் கீழே இருக்கிறது. நோயா?

பதில்: நோயன்று, பெரும்பாலான ஆண்களுக்கு அப்படித்தான். ஆனால் இடப்புறம், நிற்கும்போது புழுக்கள் நெளிவதுபோல் சிரைகள் புடைத்துத் தெரிந்து, படுத்தால் மறைகின்றனவா என்று கவனியுங்கள். வலப்பக்கச் சிரை உடலின் பெருஞ்சிரையில் சாய்வாக நேரே சேர்கிறது. இடப்பக்கச் சிரையோ உயரே சென்று சிறுநீரகச் சிரையில் செங்கோணமாக முட்டிச் சேர வேண்டியிருக்கிறது. அதனால் இரத்தம் தேங்கிச் சிரை சுருண்டு வீங்குவது இடப்புறத்தில்தான் அதிகம். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இந்த வீக்கம் இருக்கிறது. பலருக்கு ஒரு தொல்லையும் தராது. குழந்தைப் பேறு தாமதமானாலோ வலி இருந்தாலோ காட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம். ஒரு பக்க விந்தகம் பையில் இல்லை. வளர்ந்தால் தானாக இறங்கிவிடும், குழந்தைக்குக் கத்தி வைக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அம்மா. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் அதைவிடப் பல மடங்கு பேருக்கும் விந்தகம் இறங்காமல் இருக்கிறது. அவர்களில் பலருக்குப் பிறந்த முதல் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு அப்படி இறங்குவது அரிது. உங்கள் மகன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டான்.

வழியில் நின்றுவிட்ட விந்தகம் உடலின் முழு வெப்பத்தில் கிடப்பதால், விந்தணுவாக வேண்டிய தாய்ச் செல்கள் குழந்தைப் பருவத்திலேயே குறையத் தொடங்குகின்றன. பிற்காலத்தில் அதில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் அறுவை சிகிச்சை செய்து விந்தகத்தைப் பையில் இறக்கிப் பொருத்துவதே இன்றைய மருத்துவ வழக்கம். அதற்கு முன் குழந்தை அறுவை மருத்துவர் ஒருவர் நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏனெனில் சில குழந்தைகளுக்குத் தூக்குத்தசையின் துடிப்பால் விந்தகம் மேலேறி மேலேறி இறங்கும், வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டும்போது பையில் தெரியும். அதற்கு அறுவை தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பதினான்கு வயது மகன் நள்ளிரவில் அடிவயிறு வலிக்கிறது என்று எழுந்து வாந்தி எடுத்தான். அஜீரணம் என்று எண்ணிக் காலை வரை காத்திருந்தோம். மருத்துவமனையில் விந்தகம் முறுக்கிக்கொண்டது என்று கூறி, ஒன்றை அகற்றிவிட்டார்கள். வயிறு வலித்தால் அது விந்தகம் என்று எப்படித் தெரிந்திருக்கும்?

பதில்: உங்களைக் குற்றவாளியாக எண்ணிக்கொள்ள வேண்டாம். விந்தகத்தின் நரம்புகள் அது பிறந்த இடத்திலிருந்தே வருவதால், அதன் வலியை அடிவயிற்று வலியாக மூளை உணர்வது இயல்பு. வாந்தியும் அதைத் தொடர்ந்தே வரும். பதின்வயதுப் பையன்கள் கூச்சத்தால் வலிக்கும் இடத்தை மாற்றிச் சொல்வதும் உண்டு. விந்தகம் தன்னைத் தாங்கும் வடத்தோடு முறுக்கிக்கொள்ளும்போது இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் கூடக் கூட வாய்ப்புச் சரிகிறது. மற்ற பெற்றோர்களுக்காக எழுதுகிறேன்: பையனுக்குத் திடீரென்று அடிவயிறு வலித்து வாந்தியும் வந்தால், விதைப்பையில் வலியோ வீக்கமோ இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். இருந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

உங்கள் மகனின் எதிர்காலம் பற்றிய அச்சம் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. எஞ்சியிருக்கும் விந்தகம் நலமாக இருந்தால், பருவ வளர்ச்சிக்கும் தந்தையாவதற்கும் அது ஒன்றே போதும். மற்றொன்றும் முறுக்காதிருக்க அதைத் தையலிட்டுப் பொருத்தினார்களா என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டால் ஆண்மை குன்றுமா?

பதில்: குன்றாது. துண்டிக்கப்படுவது விந்து நாளம் மட்டுமே; டெஸ்டோஸ்டீரோன் இரத்தத்தில்தான் பயணிக்கிறது, அந்த நாளத்தில் அன்று. விந்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலிருந்தும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருவது. விந்தகத்தின் பங்கு நூற்றில் ஐந்து அளவுக்குத்தான் இருக்கும் என்பதால் அளவிலும் வேறுபாடு தெரியாது. விந்தணுக்கள் தொடர்ந்து உருவாகும், உடல் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். நாளத்தில் ஏற்கெனவே இருப்பவை வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். விந்தணு இல்லை என்று பரிசோதனை உறுதி செய்யும் வரை வேறு கருத்தடை முறையைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: அடிக்கடி விந்து வெளியேறினால் விந்தகத்தின் இருப்புத் தீர்ந்துவிடும் என்பது மெய்யா?

பதில்: இல்லை. பெண்ணுக்கு முட்டைகளின் இருப்புப் பிறக்கும்போதே வரையறுக்கப்பட்டுவிடுகிறது. ஆணுக்கு, முன்பே சொன்னபடி, தாய்ச் செல்கள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. உற்பத்தி முதுமையிலும் மெல்லக் குறையுமே தவிர, பொதுவாக நின்றுவிடுவதில்லை. ஓரிரு நாள் இடைவெளியில் எண்ணிக்கை சற்றுக் குறைந்து தெரியும், அவ்வளவே.

கேள்வி: குளிக்கும்போது ஒரு விந்தகத்தில் பட்டாணி அளவில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வலியே இல்லை என்பதால் விட்டுவிட்டேன். வயது 27.

பதில்: வலி இருந்திருந்தால் நான் இவ்வளவு அவசரப்படுத்தியிருக்க மாட்டேன். விந்தகப் புற்றுநோய் பொதுவாக அரிதானதே; ஆனால் 15 முதல் 35 வயது வரையிலான ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னணியில் இருப்பது அதுதான், பெரும்பாலும் வலியில்லாத கட்டியாகவே அது தொடங்குகிறது. பின்புறம் மென்மையாக, கயிறுபோல் தட்டுப்படுவது சுருள் நாளம். அது இருக்க வேண்டியதே. விந்தகத்தின் உடலிலேயே ஒட்டிய கெட்டிப் பகுதி என்றால், அது என்னவென்று அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் தெரியும். கவட்டையில் நெறி கட்டவில்லை என்று ஆறுதல் அடைய வேண்டாம். விந்தகத்தின் நிணநீர் அதன் பிறப்பிடமான வயிற்றின் பின்சுவரில் பெருந்தமனியை ஒட்டியுள்ள கணுக்களுக்கே போகிறது, கவட்டைக்கு வருவதில்லை. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் ஏறக்குறைய எல்லோரையும் முழுமையாகக் குணப்படுத்த முடிகிற புற்றுநோய் இது. அது வேறு ஏதோ தீங்கற்ற கட்டியாகவும் இருக்கலாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த வாரத்திலேயே சிறுநீரக அறுவை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.